தன்மகரந்தச் சேர்க்கை சந்ததியை நலிய வைக்கும் என்றால், இத்தனை பூச்செடிகள் ஏன் அதற்கு மாறின? அந்த நலிவை நாமே ஒரு செடியில் அளக்க முடியுமா?

அளக்கலாம். ஆனால் எந்த எண்ணோடு ஒப்பிடுவது என்று முதலில் தெரிய வேண்டும்.

ஒரு செடி தன் மரபணுவை இரண்டு வழியில் அனுப்புகிறது: தன் விதையில் சூல் வழியாக ஒரு பிரதி, பக்கத்துச் செடியின் விதையில் மகரந்தம் வழியாக ஒரு பிரதி. அதே செடி தன் சூலுக்குத் தன் மகரந்தத்தையே கொடுத்துவிட்டு, வெளியேயும் வழக்கம்போல மகரந்தம் அனுப்பினால் மூன்று பிரதிகள் போகும். 1941-இல் மரபியலாளர் ஆர். ஏ. ஃபிஷர் காட்டிய கணக்கு இது. லாபம் 50 சதவீதம். ஆகவே தன்மகரந்தப் பிள்ளைகளின் தகுதி, அதாவது பிழைத்து விதை தரும் திறன், மற்றவற்றில் பாதிக்கும் கீழே இறங்கினால்தான் நஷ்டம். அதற்கு மேல் இருந்தால், நலிவு இருந்தும் அந்த மரபணு பரவும். தேனீ வராத இடத்தில் விதையாவது கிடைக்கும் என்பது இன்னொரு காரணம்.

வெளியே போகும் மகரந்தம் குறைந்துவிட்டால் இந்த லாபம் கரைந்துவிடும். ஐப்போமியா பர்பூரியா என்ற மார்னிங் குளோரி கொடியில் வெள்ளைப் பூ வகை அரிதாக இருக்கும்போது வண்டுத்தேனீக்கள் அதை அதிகம் நாடுவதில்லை. அதனால் தன்மகரந்தச் சேர்க்கை கூடுகிறது. ஆனாலும் அதன் மகரந்த ஏற்றுமதி குறையவில்லை என்று 1993-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஃபிஷரின் கணக்கு வயலில் இவ்வளவு தெளிவாகத் தெரிவது அபூர்வம்.

அளக்கவும் இந்தக் கொடியே நல்லது. ஒரு காயில் பொதுவாக 6 சூல்கள்தான் என்பதால் விதை எண்ணுவது சுலபம். குறைந்தது 20 தாய்க்கொடிகள் வேண்டும். பூ விரிவதற்கு முந்தைய மாலை, மொட்டைக் கீறி ஐந்து மகரந்தப்பைகளையும் நுனி மெல்லிய இடுக்கியால் எடுத்துவிடுங்கள். ஒரு பை நசுங்கினாலும் அந்தப் பூவைத் தள்ளிவிடுங்கள்; சொந்த மகரந்தம் சூலகமுடியில் ஒட்டியிருக்கும். மறுநாள் விடியலில் பாதிப் பூக்களுக்கு அதே கொடியின் வேறு பூவிலிருந்தும், மீதிக்குத் தூரத்துக் கொடிகள் இரண்டு மூன்றிலிருந்தும் மகரந்தம் தடவுங்கள். பக்கத்துக் கொடி பெரும்பாலும் உறவாக இருக்கும். அதை எடுத்தால் வித்தியாசம் குறைவாகத் தெரியும். சில பூக்களில் மகரந்தப்பையை நீக்கிவிட்டு எதுவும் தடவாமல் விடுங்கள். அவற்றில் காய் பிடித்தால் எங்கோ கசிவு இருக்கிறது. எல்லாப் பூக்களுக்கும் ஒரே மாதிரி வலைத்துணிப் பை போடுங்கள். பாலிதீன் வேண்டாம், உள்ளே வியர்த்து மொட்டு அழுகும்.

விதை ஓடு கெட்டி. நகவெட்டியால் ஓரத்தைச் சிறிது கீறி இரவு முழுவதும் ஊறவைக்காவிட்டால், உறங்கும் விதையைச் செத்த விதை என்று எண்ணிவிடுவீர்கள்.

பிறகு விதை எண்ணிக்கை, முளைப்பு, பிழைப்பு, கடைசியில் அந்தக் கொடிகள் தரும் விதை என்று ஒவ்வொரு கட்டத்திலும் தன்மகரந்தக் குழுவை அயல்மகரந்தக் குழுவால் வகுத்து, விகிதங்களைப் பெருக்குங்கள். எடுத்துக்காட்டாக 0.95, 0.9, 0.9, 0.7 என்று வந்தால் பெருக்கல் 0.54. அதை 1-இலிருந்து கழித்தால் 0.46; இந்த நலிவின் அளவுக்குத்தான் உட்கலப்பு வீழ்ச்சி என்று பெயர். தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது. சேர்ந்தால் ஃபிஷர் சொன்ன பாதி என்ற எல்லையை நெருங்கிவிடுகிறது. முளைப்போடு நிறுத்துகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். கணக்கைத் தாய்வாரியாகப் போடுங்கள், சராசரியில் குடும்ப வேறுபாடு மறைந்துவிடும்.

சார்லஸ் டார்வின் இதே கொடியைப் பத்துத் தலைமுறை வளர்த்து 1876-இல் வெளியிட்ட முடிவு: அயல்மகரந்தக் கொடிகளின் உயரம் 100 என்றால் தன்மகரந்தக் கொடிகள் 77. ஒரே தொட்டியின் எதிரெதிர் பக்கங்களில் நட்டுப் போட்டியிட வைத்தார். அது மிகச் சரியான ஏற்பாடு. தனித்தனியாகச் செல்லமாக வளர்த்தால் நலிவு ஒளிந்துகொள்ளும். ஆறாம் தலைமுறையில் ஒரு தன்மகரந்தக் கொடி தன் போட்டியாளரை அரை அங்குலம் முந்தியது. அதற்கு ‘ஹீரோ’ என்று பெயரிட்டார். அதன் வாரிசுகளும் வலுவாகவே வளர்ந்தன.

பல தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கை நடந்தால், ஒளிந்திருந்த கெட்ட ஒடுங்கு மரபணுக்கள் (இரண்டு பிரதியும் ஒன்றாக இருந்தால்தான் வெளிப்படுபவை) இரட்டையாகி வெளிப்பட்டு, இயற்கைத் தேர்வில் கழிக்கப்படும். வீழ்ச்சியும் குறையும். ஆனால் மிகச் சிறிய கேடு செய்பவை அப்படிக் கழிவதில்லை.

தகவமைப்பிலும் இதே இழுபறிதான். புதிதாக வரும் நல்ல மாற்றம் ஒடுங்கு வகையாக இருந்தால், தன்மகரந்தச் செடியில் சீக்கிரம் இரட்டையாகித் தேர்வின் கண்ணில் படும். மறுபுறம், முழுத் தன்மகரந்தத்தில் பயனுள்ள மக்கள்தொகை, அதாவது மரபணு வேறுபாட்டைத் தாங்கும் கணக்கில் செடிகளின் எண்ணிக்கை, பாதியாகிறது. மரபணுச் சேர்க்கைகள் கலைவதும் ஏறக்குறைய நின்றுபோகிறது. அதனால் நல்ல மாற்றம் பரவும்போது பக்கத்திலுள்ள கெட்டவற்றையும் இழுத்துச் செல்கிறது. கிரேக்கத்துப் பகுதியின் கேப்செல்லா கிராண்டிஃபுளோரா என்ற சிறு பூச்செடியிலிருந்து பிரிந்த கேப்செல்லா ருபெல்லா 2 லட்சம் ஆண்டுகளுக்குள் தன்மகரந்தத்துக்கு மாறி, பூ சுருங்கி, ஐரோப்பாவில் தன் மூதாதையைவிட வெகுதூரம் பரவிவிட்டது. கத்தரிக் குடும்பத்தின் பரிணாம மரத்தை ஆராய்ந்த 2010 ஆய்விலோ, சொந்த மகரந்தத்தை மறுக்கும் கிளைகளே நீண்ட காலத்தில் அதிக இனங்களாகப் பெருகின. மறுக்காதவை அடிக்கடி தோன்றினாலும் வேகமாக அழிந்தன.