ஐந்து பேர் இருந்தும் ஏன் தனித்தனியாகப் பாடுகிறார்கள்?

அயர்லாந்துப் பெண்கள் பாடும் செல்டிக் உமன் குழுவைக் கேட்ட ருசியில், ஐந்து ஆண்கள் பாடும் செல்டிக் தண்டர் குழுவின் முதல் டிவிடியை வாங்கிவிட்டு, "கூட்டாகப் பாடுவார்கள் என்று பார்த்தால் ஆளுக்கொரு பாட்டாகப் பாடுகிறார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் இது குறையில்லை, திட்டமே அதுதான். 2007இல் டப்ளினில் பதிவான அந்த மேடையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். ரயன் கெல்லி வில்லத்தனமான காதலன், பால் பைரம் செவ்வியல் டெனர், அதாவது உச்சக் குரலில் பாடும் ஆண் பாடகர். 14 வயது டேமியனுக்குப் பள்ளிக்கூடக் காதல். எனக்கு அந்த வில்லன் நடிப்பு கொஞ்சம் அதிகம்தான்.

சரி, டிவிடியை ஓரங்கட்டிவிடாதீர்கள். முதலில் 'கலிடோனியா', அப்புறம் 'அயர்லாண்ட்ஸ் கால்' கேளுங்கள். இரண்டாவது, குழுவின் இசை இயக்குநர் ஃபில் கோல்டர் 1995இல் அயர்லாந்து ரக்பி அணிக்காக எழுதியது. ஐந்து குரலும் சேரும்போதுதான் பெயரில் உள்ள இடி கேட்கும். பிறகு இரவில் ஹெட்போன் மாட்டி 'எ பேர்ட் விதவுட் விங்ஸ்'. கிளாஸ்கோக்காரர் ஜார்ஜ் டொனால்ட்சனின் கரகரத்த குரலும் டேமியனின் வயதை மீறிய கனத்த குரலும் அப்பா மகன்போலப் பேசிக்கொள்ளும். ஜார்ஜ் 2014இல் இறந்துவிட்டார். அது தெரிந்து கேட்டால் இன்னும் ஒரு மாதிரி இருக்கும்.

இதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் தி ஹை கிங்ஸ் என்ற அயர்லாந்து நாட்டுப்புறப் பாட்டுக் குழு பக்கம் போங்கள். பாத்திரம், நாடகம் எதுவும் கிடையாது. கையில் வாத்தியம், பழைய பாட்டு, நெருக்கமான கூட்டுக்குரல். நீங்கள் தேடியது அநேகமாக அதுதான்.