மாரடைப்புக்குப் பிறகு இதயச் சுவர் கிழிந்தால் பிழைப்பது எதைப் பொறுத்தது?

மாமாவுக்கு மாரடைப்பு வந்த நாலாம் நாள் இதயத்தின் நடுச்சுவர் கிழிந்துவிட்டது, டாக்டரோ ஆப்பரேஷனுக்குக் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார், பிழைப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் இதய ஐசியுவில் தாதியாக இருந்தவள் நான், மழுப்பாமல் சொல்கிறேன். பிழைக்கலாம். ஆனால் ஆபத்து பெரியது.

எந்த இடம் கிழிந்தது என்பதுதான் முதல் கேள்வி. வெளிச்சுவர் என்றால் ரத்தம் இதய உறைக்குள் பாய்ந்து இதயத்தையே நெருக்கிவிடும், பல பேருக்குச் சில நிமிடங்கள்தான். நடுச்சுவரில் அவகாசம் உண்டு. அதிலும் நுனிப்பக்கம் ஓட்டை விழுந்தால் ஓரளவு பரவாயில்லை. இதயத்தின் அடிப்பக்கம் அட்டாக் வந்து சுவரின் பின்பகுதி கிழிந்தால் தைப்பதும் சிரமம், வலது கீழறையும் பெரும்பாலும் அடிவாங்கியிருக்கும்.

அப்புறம் ஷாக், அதாவது இதயம் போதுமான ரத்தத்தைத் தள்ள முடியாமல் உறுப்புகள் தவிக்கும் நிலை. பிரஷர் மருந்தில்லாமல் நிற்கிறதா, கை கால் சில்லிட்டிருக்கிறதா என்று பார்ப்போம். ஆனால் எங்கள் கண் அதிகம் போவது கட்டிலில் தொங்கும் மூத்திரப் பைக்குத்தான், மணிக்கு மணி எத்தனை மில்லி இறங்கியது என்று, ஏனென்றால் சிறுநீரகம் படுத்தால் ஆப்பரேஷன் முடிந்தும் ஆளை மீட்பது கஷ்டம். ஷாக்கோடு நடுச்சுவரும் கிழிந்தவர்களை வைத்து எடுத்த ஓர் ஆய்வுப் பதிவேட்டில் 87 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்திருக்கிறார்கள். வயதும் கணக்கில் வரும். நெஞ்சு வலியை வாய்வு என்று நினைத்துக் கோடாலித் தைலம் தேய்த்து ஒரு நாள் கடத்திவிட்டு ஆம்புலன்ஸ் எண் 995க்கு அடித்தவர்களுக்குச் சுவர் கிழியும் வாய்ப்பே கூடுதல், அதுவும் முதல் அட்டாக் என்றால்.

சரி, ஏன் காத்திருக்கிறார்கள்? செத்துப்போன தசை முதல் சில நாள் ஊறிய அப்பளம் மாதிரி இருக்கும், தையல் போட்டால் நூல் அறுத்துக்கொண்டு வந்துவிடும். நாள் போனால் தழும்பு இறுகித் தையல் பிடிக்கும். அமெரிக்காவின் 1999 முதல் 2010 வரையான அறுவைப் பதிவுகளில், அட்டாக் வந்து 7 நாளுக்குள் ஆப்பரேஷன் செய்தவர்களில் சுமார் 54 சதவீதம் பேர் இறந்தார்கள், அதற்குப் பிறகு செய்தவர்களில் 18 சதவீதம். இதை வைத்துக் காத்திருந்தாலே நல்லது என்று முடிவுகட்டாதீர்கள், ஒரு வாரம் தாக்குப்பிடித்தவர்கள் முதலிலேயே கொஞ்சம் தெம்பானவர்கள், மோசமானவர்களைத்தான் அவசரமாக உள்ளே எடுத்திருப்பார்கள். ஆப்பரேஷனே வேண்டாம் என்று விடுவதும் வழியில்லை, மருந்தை மட்டும் நம்பியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஒரு மாதத்துக்குள் போய்விட்டதாக இன்னொரு பெரிய ஆய்வு சொல்கிறது.

அதனால் டாக்டரிடம் 'எப்போது ஆப்பரேஷன்' என்று தினமும் நச்சரிப்பதைவிட, இதயத்துக்குக் கைகொடுக்கும் பலூன் பம்ப்போ, இதயம் நுரையீரல் வேலையை வெளியிலிருந்து செய்யும் எக்மோ கருவியோ வைத்துத் தாங்கிப் பிடிக்க முடியுமா, எது நடந்தால் காத்திருக்காமல் உடனே தியேட்டருக்குக் கொண்டுபோவீர்கள் என்று கேளுங்கள். வீட்டில் ஒரே ஆள் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்லுங்கள், ஆளாளுக்குக் கேட்டால் ஆளுக்கொரு பதிலைப் பிடித்துக்கொண்டு வராந்தாவிலேயே சண்டை போடுவார்கள், நிறையப் பார்த்திருக்கிறேன்.