புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! – பழங்காசு கேள்வி பதில்

கேள்வி: எங்கள் அப்பத்தா இறந்த பிறகு அவருடைய சுருக்குப்பையைப் பிரித்தோம். உள்ளே சின்னச் சின்னதாகப் பதினேழு செப்புக் காசுகள். ஒரு பக்கம் உட்கார்ந்த அம்மன், மறுபக்கம் தெலுங்கு மாதிரி ஏதோ எழுத்து. பச்சை பிடித்திருக்கிறது. இது என்ன காசு, எவ்வளவு பெறும்? புளி போட்டுத் தேய்த்தால் தெளிவாகுமா?
– வாசகி, ஆலங்குடி

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். புளி, விபூதி, பாத்திரம் துலக்கும் பொடி எதுவுமே வேண்டாம். செம்பின் மேல் தெரியும் பச்சையும் பழுப்பும் அழுக்கு அல்ல. பல வருஷக் காற்றும் ஈரமும் சேர்ந்து போர்த்திய தோல் அது. புளி அதை உரித்துவிடும். கூடவே அம்மனின் மூக்கும் முழியும் போய்விடும். ஒருநாள் பளபளத்துவிட்டு, பிறகு திட்டுத்திட்டாகக் கறுக்கும். மண் ஒட்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஓரிரவு ஊறப்போட்டு, பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுங்கள். ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. வெளிர்பச்சையாக மாவு போல உதிரும் காசு இருந்தால் அதை மட்டும் தனியே, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். அது செம்பை அரிக்கும் நோய்.

உங்களிடம் இருப்பது புதுக்கோட்டை அம்மன் காசு. தொண்டைமான்கள் ஆண்ட சமஸ்தானத்தின் சொந்தக் காசு. உட்கார்ந்திருப்பவள் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள். மறுபக்கத்துத் தெலுங்கு எழுத்து ‘விஜய’. நவராத்திரியில் அரண்மனை சார்பில் ஜனங்களுக்கு அரிசி அளந்து போடும்போது கூடவே இந்தக் காசையும் கொடுப்பார்கள். இருபது அம்மன் காசு சேர்ந்தால் ஓர் அணா. அப்படியானால் ஒரு ரூபாய்க்கு 320 காசு! அவ்வளவு சின்ன மதிப்புக்கும் ஓர் அரசு தன் தெய்வத்தை அச்சடித்து ஏழைகளின் கையில் கொடுத்திருக்கிறது. இதை நினைக்கும் போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. நானும் அந்த மண்ணில் பிறந்தவள். என் சேகரிப்பும் அம்மன் காசில்தான் தொடங்கியது.

பதினேழையும் வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். கோணல்மாணலாக, தடிப்பாக, அம்மன் பாதி வெளியே போய் நிற்பவை கையால் அடித்தவை, பழையவை. வட்டம் பிசகாமல் ஒரே சீராக இருப்பவை 1889 முதல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹீட்டன் ஆலையில் இயந்திரத்தில் அடித்துக் கப்பலில் வந்தவை. இரண்டு வகையும் கலந்திருந்தால் உங்கள் அப்பத்தாவின் பை ஒரு தலைமுறைக்கு மேல் கைமாறி வந்திருக்கலாம்.

நிறைய அடிக்கப்பட்ட காசு என்பதால் பெரிய விலை கிடைக்காது. ஆனால் கடையில் வாங்கும் அம்மன் காசுக்கு ஊர் கிடையாது, பேர் கிடையாது. உங்களுடையதற்கு இரண்டும் உண்டு. பை யாருடையது, அவருக்கு யார் கொடுத்தது, எந்த ஊர் வீட்டில் இருந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே கேட்டு எழுதி, காசோடு சேர்த்து வையுங்கள். சுருக்குப்பையையும் தூக்கிப் போடாதீர்கள். திருக்கோகர்ணத்திலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு நாள் பிள்ளைகளோடு போய் வாருங்கள்.

கேள்வி: வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் நாணயத்துக்குப் பத்து லட்சம் தருவதாக வீடியோ பார்த்துப் போன் செய்தேன். ரிசர்வ் வங்கிக் கட்டணம் என்று 2,000 ரூபாய் வாங்கினார்கள். இப்போது ஜி.எஸ்.டி. என்று இன்னும் கேட்கிறார்கள். கட்டலாமா?
– வாசகர், திருப்பூர்

ஒரு பைசாகூடக் கட்டாதீர்கள், தம்பி. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அது 2012-ல் ஆலய வாரியத்தின் வெள்ளிவிழாவுக்காகப் புழக்கத்துக்கே விட்ட நாணயம்; லட்சக்கணக்கில் கிடைக்காது, நூற்றுக்கணக்கில்கூடக் கிடைக்காது. பழைய காசு, நோட்டு விற்பனைக்குத் தன் பெயரில் யாரும் கட்டணம் வாங்க அனுமதி இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. காசை வாங்குகிறவர்தான் பணம் தருவார். விற்கிறவரிடம் பணம் கேட்டால் அவர் வியாபாரி அல்ல.

கேள்வி: நண்பர் ஒருவர் 1818 என்று போட்ட கிழக்கிந்தியக் கம்பெனி அரையணா காட்டினார். ராமர், சீதை, லட்சுமணர் இருக்கிறார்கள். பக்கத்தில் வைத்த அரிசி அதனிடம் நகர்ந்து போனதை என் கண்ணால் பார்த்தேன். ஐந்து பேர் பங்கு போட்டு வாங்கலாம் என்கிறார்.
– வாசகர், தர்மபுரி

அரிசி நகர்ந்ததைப் பார்த்திருப்பீர்கள், அதில் சந்தேகமில்லை. அரிசியில் இரும்புத்தூளை ஏற்றிவிட்டுக் காந்தத்தை வைத்தால் யார் கையிலும் நகரும். ‘ரைஸ் புல்லிங்’ (அரிசியை இழுக்கும் அதிசயக் காசு), ‘இரிடியம்’ (அபூர்வ உலோகம்) என்ற பெயரில் தமிழ்நாட்டுப் போலீஸ் எத்தனையோ கும்பல்களைப் பிடித்தாகிவிட்டது. இன்னும் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்த நண்பரிடமிருந்து விலகி இருங்கள்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் போட்ட அரையணாவைக் கம்பெனி ஒருநாளும் வெளியிடவில்லை. யாத்திரைத் தலங்களில் பக்தர்கள் வாங்கிப் போன வில்லைகளைப் பார்த்து, கம்பெனி பெயரையும் ஏதோ ஒரு வருஷத்தையும் சேர்த்துப் பிற்காலத்தில் அடித்தவை இவை.

கம்பெனி நம் தெய்வங்களைப் போட்டது உண்மைதான். ஆனால் அது சென்னையில், வேறு வகையில். வேங்கடவனும் இரு தேவியரும் நிற்கும் பொடிப் பொன் வராகன் ஒன்று. 1807-ஐ ஒட்டி வந்த வெள்ளி அரைப் பகோடா (வராகனைத்தான் ஆங்கிலேயர் பகோடா என்றார்கள்) இன்னொன்று. அதில் ஒரு பக்கம் நட்சத்திரங்கள் சூழக் கோபுரம், மறுபக்கம் திருமால், சுற்றிலும் மதிப்பு தமிழிலும் தெலுங்கிலும். அசலைக் கண்ணாடிப் பேழைக்குள் ஒருமுறை பார்த்தால் அந்த 1818 வில்லையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள்.

சின்ன முதலீட்டில் அசல் கம்பெனிக் காசு வேண்டுமா? 1808 தேதியிட்ட பத்துக் காசு, இருபது காசுச் செப்புகளைத் தேடுங்கள். சென்னைக்காக பர்மிங்காமில் அடித்து ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பலில் ஏற்றினார்கள். 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரை தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் கப்பல் மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் லட்சக்கணக்கில் அள்ளி மேலே கொண்டுவந்தார்கள். நம் சந்தையில் கத்தரிக்காய் வாங்க வேண்டிய காசு, நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் கடலடியில் கிடந்துவிட்டு இப்போதுதான் நம்மிடம் வந்து சேர்கிறது.

கேள்வி: ஒருபுறம் படுத்திருக்கும் காளை, கீழே ‘சேது’ என்று தமிழ் எழுத்து. எங்கள் தோட்டத்துக் கிணற்றருகே அப்பா எடுத்து வைத்தது. ராமநாதபுரத்துக் காசா?
– வாசகர், யாழ்ப்பாணம்

நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிவது யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் சேதுக் காசு. உங்கள் ஊர் அரசே தமிழில் எழுதி அடித்தது. எந்தத் தோட்டம், எந்தக் கிணறு, எந்த வருஷம் என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். நிலத்திலிருந்து எடுத்ததற்கு உங்கள் நாட்டிலும் சட்டம் உண்டு. தொல்லியல் திணைக்களத்தில் காட்டிவிடுங்கள்.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு. காசு சேர்க்க ஆசை. அம்மா காசு தர மாட்டேன் என்கிறார். எப்படித் தொடங்குவது?
– மாணவன், கம்பம்

அம்மாவிடம் காசு கேட்காதே, கண்ணா. கடைக்குப் போய் வந்ததும் மீதிச் சில்லறையைப் பார்க்க மட்டும் அனுமதி கேள். வருஷத்துக்குக் கீழே உற்றுப் பார். வைர வடிவம் இருந்தால் மும்பையில் பிறந்தது, நட்சத்திரம் ஐதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே வருஷத்து ஒரு ரூபாயை நாலு ஊரிலிருந்தும் சேர்க்க முடிகிறதா பார். முடிந்தால் நீ சேகரிப்பாளன்.

அடுத்து நம்மவர்களைத் தேடு. 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர், 2003-ன் காமராஜர், 2009-ல் தமிழ்க் கையெழுத்தோடு வந்த அண்ணா என எல்லாமே சில்லறையில் வந்தவைதான். நான் வங்கியில் காசாளராக இருந்தபோது கோயில் உண்டியல் சில்லறை மூட்டையாக வரும். ஓட்டைக் காலணா, மூன்று பைசா, மலேசிய சென், இலங்கை ரூபாய் எல்லாம் அதில் கிடக்கும். உன் ஊர்க் கோயிலில் உண்டியல் எண்ணும்போது தொண்டு செய்யப் பிள்ளைகளை விடுவார்கள் என்றால் போய் உட்கார். எடுத்துக்கொள்ள அல்ல, பார்த்துப் பழக.

பக்கத்து நகரத்தில் நாணயச் சங்கம் இருந்தால் அப்பாவோடு போ. சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் எல்லாம் சங்கங்களும் கண்காட்சிகளும் உண்டு. ஒரு வழக்கத்தைத் தெரிந்துகொள். அடுத்தவர் காசைக் கேட்காமல் தொடக் கூடாது. தொட்டால் விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும், மேசைக்கு மேலே தாழ்வாகப் பிடிக்க வேண்டும். இப்படிப் பிடிக்கிற பையனுக்குப் பெரியவர்கள் இரட்டைப்படியாகக் கிடப்பதைச் சும்மாவே கொடுப்பார்கள். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. நானும் அப்படித்தான் கொடுக்கிறேன்.

கேள்வி: போர் போடக் குழி தோண்டியதில் மண்கலயம் உடைந்து காசுகள் கொட்டின. சொன்னால் அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும், விற்றுவிடு என்கிறார்கள்.
– ஊர் பெயர் வேண்டாம் என்கிறார்

விற்காதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எது மண்ணில் கிடைத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறைகூட உண்டு. வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். அரசு எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க அதே சட்டத்தில் வழி இருக்கிறது.

கலயத்துச் சில்லுகளையும் வையுங்கள். 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் ஒரே இடத்தில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் அரசன் முகத்தின் குறுக்கே வெட்டு. ஒன்றாகக் கிடைத்த செய்தி பதிவானதால்தான், இனிப் புழங்கக் கூடாது என்றே வெட்டியிருக்கிறார்கள் என்று அறிஞர்கள் யோசிக்க முடிந்தது. ஆளுக்கு நாலாகப் பிரிந்து போயிருந்தால் வெறும் கீறல் விழுந்த காசு என்று உருக்கியிருப்பார்கள்.

கேள்வி: என் கணவர் ஆயுள் முழுக்கச் சேர்த்தவை நாலு ஆல்பம், ஒரு டிரங்குப் பெட்டி. பிள்ளைகளுக்கு நாட்டமில்லை. நகைக்கடையில் வெள்ளி ரூபாய்களை எடைக்குக் கேட்கிறார்கள். கொடுத்துவிடட்டுமா?
– வாசகி, சேலம்

கொஞ்சம் பொறுங்கள் அம்மா. எடை கணக்கிலேயே ஏமாற இடமிருக்கிறது. 1939 வரை வந்த ரூபாயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெள்ளி. 1940 முதல் 1945 வரை பாதிதான். 1946, 1947 வெறும் நிக்கல். மூன்றையும் ஒரே குவியலாக நிறுக்க விடாதீர்கள்.

அதைவிட முக்கியம், வருஷம். ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயைத் தனியே எடுங்கள். அரசர் மார்புச் சங்கிலியில் இருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து, திரும்பப் பெற்று உருக்கினார்கள். 1912-ல் திருத்தி அடித்தார்கள். எங்கள் வட்டத்தில் அதைப் ‘பன்றி ரூபாய்’ என்போம். ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் அதைவிட அரிது. அரிது என்பதாலேயே வருஷத்தைத் திருத்திய போலிகளும் நிறைய. அதை அனுபவசாலி ஒருவர் கையில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆல்பத்தின் பிளாஸ்டிக் பிசுபிசுத்துப் பச்சையாக ஒட்டினால் காசுகளை வெளியே எடுத்துவிடுங்கள். மலிவான பி.வி.சி. உறை காசைத் தின்னும். எடுக்கும்போது வரிசை மாறாமல் எண் போட்டு, இரண்டு பக்கமும் படம் பிடியுங்கள். உறையின் மேல் உங்கள் கணவர் கையெழுத்தில் ஊர், தேதி, விலை என்று குறித்திருந்தால் அந்தச் சீட்டு காசோடுதான் இருக்க வேண்டும். பிறகு சங்கத்தில் இரண்டு பேரிடமாவது தனித்தனியே காட்டுங்கள். ஒருவரே பார்த்து ஒருவரே விலை சொல்லி ஒருவரே வாங்குவதற்கு இடம் கொடுக்க வேண்டாம். பட்டியல் தயாரானதும் ஒரு நகலை எனக்கு அனுப்புங்கள். எதை முதலில் காட்ட வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.