கியூப் கேள்வி பதில்: கை ஓடுகிறது, கண் நின்றுவிடுகிறது

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவை ரேஸ்கோர்ஸ் பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர் ரூபிக்ஸ் கியூபோடு உட்காருவோம். வர முடியாதவர்கள் வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்புகிறார்கள். இந்த வாரம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கோபியிலிருந்து பிளஸ் டூ மாணவர்: அண்ணா, சிஎஃப்ஓபி முறையில்தான் போடறேனுங்க. ஆவரேஜ் 30 செகண்ட். மூணு மாசமா அதுக்குக் கீழ வரவே மாட்டேங்குது. ஓஎல்எல் 57 ஃபார்முலாவையும் மனப்பாடம் பண்ணிட்டா குறையுமுங்களா?

(புதியவர்களுக்கு: சிஎஃப்ஓபி என்றால் முதலில் கீழே வெள்ளை கிராஸ், பிறகு மூன்று நிற மூலைத் துண்டையும் இரண்டு நிற விளிம்புத் துண்டையும் ஜோடியாகச் சேர்த்து உள்ளே இறக்குவது, கடைசியில் மேலடுக்கு என்று போடும் முறை. அதில் மேல் முகம் முழுவதையும் மஞ்சளாக்கும் படிதான் ஓஎல்எல். ஃபார்முலா என்றால் திருப்புகளின் வரிசை.) தம்பி, 57ஐ இப்போதைக்குத் தொடாதே. கடைசி அடுக்கை இரண்டிரண்டு படியாகப் பிரித்தால் மேல் முகத்தை மஞ்சளாக்க 10, துண்டுகளை இடம் மாற்ற 6 என்று மொத்தம் 16 ஃபார்முலாதான். 20 வினாடிக்குக் கீழே போக அதுவே போதும்.

ஒரு கணக்குப் போடுவோம். உன் முறையில் ஒரு கியூபுக்குச் சுமார் 60 திருப்பு. 30 வினாடியில் 60 என்றால் வினாடிக்கு இரண்டுதான். உன் கை அவ்வளவு மெதுவா? ‘ஆர், யூ, ஆர் பிரைம், யூ பிரைம்’ (வலது பக்கம், மேல் பக்கம், பிறகு அதே இரண்டும் எதிர்த்திசையில்) நாலையும் ஆறு தடவை விடாமல் போட்டு நேரம் பார். மொத்தம் 24 திருப்பு, முடிக்கும்போது கியூப் தொடங்கிய நிலைக்கே வந்திருக்கும். 30 வினாடிக்காரர்களுக்கு இது ஐந்து வினாடிதான் பிடிக்கும். அந்த வேகத்தில் 60 திருப்புக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வினாடி. மிச்சம் பதினேழு வினாடியும் கியூபைக் கையில் உருட்டிக்கொண்டு அடுத்த ஜோடி எங்கே என்று தேடுகிறாய்.

அதனால் பழக்க வேண்டியது கண்ணை. பச்சை‑சிவப்பு ஜோடியைச் சேர்த்துவிட்டாய், இனி உள்ளே இறக்க மூன்று திருப்பு என்று வை. அந்த மூன்றும் கைக்குத் தெரியும், கண் அங்கே இருக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் நீலம் ஒட்டிய மூலை எங்கே போகிறது என்று பார். டைமரை மூடி வைத்துவிட்டு, பாதி வேகத்தில், ஆனால் எங்கேயும் நிற்காமல் தினமும் இருபது கியூப் போடு. நின்றாயானால் வேகம் இன்னும் அதிகம் என்று அர்த்தம், குறைத்துக்கொள். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். நானும் 28 வினாடியில் ஒரு வருஷம் கிடந்தவன். அத்தனை நாளும் விரலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கிராஸ். கியூபை எப்படிக் கலைத்திருந்தாலும் கிராஸை எட்டுத் திருப்புக்குள் முடிக்க முடியும். போட்டியில் தொடங்கும் முன் கியூபைப் பார்த்துக்கொள்ள 15 வினாடி தருவார்கள். வீட்டில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு, முழுவதையும் மனதில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு செய்து பார். கண் திறக்கும்போது வெள்ளை கிராஸ் கீழே இருக்க வேண்டும்.

பொள்ளாச்சி: கியூப் இறுக்கமா சுத்துதுங்க. எங்க தோப்புத் தேங்காய் எண்ணெய் போடலாமுங்களா?

வேண்டாமுங்க. மார்கழிக் காலையில் அந்த எண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், கியூபுக்குள்ளும் அப்படித்தான் நிற்கும். மற்ற நாளில் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெயும் வேண்டாம், பிளாஸ்டிக் கெடலாம். கியூபுக்கென்று விற்கிற சிலிக்கோன் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டுப் போதும். அதற்கு முன்னால் துண்டுகளைக் கழற்றி உலர்ந்த துணியால் துடையுங்கள். திருப்பூர்ப் பையன் ஒருவன் கியூபைப் பிரித்தபோது உள்ளே திருகைச் சுற்றிப் பஞ்சு நூலாகவே சுற்றியிருந்தது. அதை எடுத்ததுமே பாதிச் சிக்கல் தீர்ந்தது.

அவிநாசியிலிருந்து ஒரு அப்பா: பையனுக்கு ஒம்பது வயசு. கியூப் கீழ விழுந்து துண்டு துண்டாப் போச்சு, நானே திருப்பி மாட்டிக் குடுத்தேன். இப்ப கடைசியில ஒரு துண்டு மட்டும் திரும்பியே நிக்குது. தனக்கு மறந்துபோச்சுன்னு அழறானுங்க.

அவனுக்கு எதுவும் மறக்கவில்லை என்று முதலில் அவனிடம் சொல்லுங்கள். கழன்ற துண்டுகளைக் கண்டபடி மாட்டினால் பன்னிரண்டில் ஒரு வாய்ப்புத்தான் சேர்க்கக்கூடிய கியூபாக அமையும். ஒரே ஒரு விளிம்புத் துண்டு திரும்பி நிற்கிற நிலையை எந்த ஃபார்முலாவாலும் சரிசெய்ய முடியாது. மேலடுக்கைப் பாதி திருப்பி, 45 டிகிரியில் நிறுத்தி, அந்தத் துண்டைக் கட்டை விரலால் மேலே நெம்புங்கள். வெளியே வந்ததும் புரட்டிப் போட்டு அழுத்துங்கள். இனிமேல் கழன்றால், முழுதும் சேர்ந்த நிலையிலேயே மாட்டிக் கொடுங்கள். புதிதாக வாங்குவதானால் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே நல்ல மேக்னெட் கியூப் கிடைக்கும்.

திருப்பூரிலிருந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் ஒரு அக்கா: மகன்கிட்டக் கத்துக்கிட்டேன், இப்ப 55 செகண்ட் ஆகுது. எனக்கு 43 வயசு. போட்டிக்கெல்லாம் வரலாமுங்களா? சின்னப் பசங்க மட்டும்தான் இருப்பாங்களா?

அக்கா, தாராளமா வாங்க. உலக கியூப் சங்கத்தின் போட்டிகளுக்கு வயது வரம்பே கிடையாது. அவர்கள் இணையதளத்தில் இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் வரப்போகிற போட்டிகள் ஊர் வாரியாக இருக்கும். கோவை, ஈரோடு, சேலம் என்று பக்கத்தில் ஏதாவது தெரிந்தால் பதிவு திறக்கிற நாளைக் குறித்து வையுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். ஒரு சுற்றுக்கு ஐந்து முறை போடுவீர்கள். மிக நல்லதையும் மிக மோசமானதையும் நீக்கி நடு மூன்றுக்குச் சராசரி. அதனால் ஒரு தடவை கை நடுங்கினாலும் பரவாயில்லை. முடித்ததும் டைமரை அடிக்கிற அவசரத்தில் கடைசி அடுக்கைக் கோணலாக விட்டுவிடாதீர்கள். 45 டிகிரிக்கு மேல் விலகியிருந்தால் இரண்டு வினாடி சேர்த்துவிடுவார்கள். என் முதல் போட்டியில், முதல் கியூபிலேயே எனக்கு அப்படி ஆனது.

ஆள் பழக்கத்துக்கு நான் கண்ட நல்ல வழி, நம் முறை இல்லாத நேரத்தில் ஜட்ஜாக உட்காருவது. போட்டிக்கு வந்தவர்களே மாறி மாறி அந்த வேலை பார்ப்பார்கள். தொடங்கும் முன் பார்த்துக்கொள்ளும் அந்த 15 வினாடியில், எட்டாவது வினாடியிலும் பன்னிரண்டாவது வினாடியிலும் சத்தமாகச் சொல்ல வேண்டும், நேரத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பத்து வினாடிக்காரருக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, அவர் எங்கேயுமே நிற்காமல் போவதைப் பார்ப்பதற்கு ஈடான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. பிறகு அவரிடமே போய் அந்த ஜோடியை எப்படிப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார்கள், இந்தக் கூட்டம் அப்படி.

ஈரோட்டிலிருந்து ஒரு தமிழாசிரியர்: கண்ணைக் கட்டிக்கொண்டு போடுகிறார்களே, அதற்கு ஆங்கில எழுத்துகள்தான் வேண்டுமா? தமிழில் செய்ய முடியாதா?

முடியும் ஐயா, நான் அப்படித்தான் செய்கிறேன். துண்டுகளின் ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் எழுத்து வைத்து, எது எங்கே போக வேண்டும் என்பதை எழுத்து வரிசையாக மனப்பாடம் செய்துவிட்டுத்தான் கண்ணைக் கட்டுவார்கள். விளிம்புத் துண்டு 12, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம், ஆக 24. ஒரு துண்டுக்கு ஒரு மெய்யென்று வைத்து, ஒரு முகத்துக்குக் குறில், மறு முகத்துக்கு நெடில் கொடுத்தேன்: க, கா, ம, மா. மூலை எட்டு, முகம் மூன்று. அங்கே க, கா, கி. இரண்டிரண்டு எழுத்தாகச் சேர்த்து ஒரு படமாக நினைவில் வைப்பேன். ‘ம, ர’ வந்தால் மரம், ‘பா, ல’ வந்தால் பாலம். மரம் பாலத்தின் மேல் விழுந்தது என்றால் நாலு முகம் மனதில் நின்றுவிடும். முதலில் உயிரெழுத்துகளையும் எடுத்துப் பார்த்தேன், சொல்லின் நடுவில் அவை வராததால் சொல்லே அமையவில்லை. ளகரத்தில் சொல் தொடங்காது என்பதால் அதற்குப் பதில் ஜகரம் வைத்திருக்கிறேன். அது இரண்டாவதாக வரும்போது ராஜா தாண்டி எனக்கு அதிகம் கிடைக்கவில்லை. உங்கள் வகுப்பில் கேட்டு ஒரு பட்டியல் அனுப்பினீர்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமை வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் அச்செடுத்துக் கொடுப்பேன்.