படம் வாங்குகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். சென்னையில் ஆறு வருடம் குழந்தைகள் புத்தகங்களுக்கும் பாடநூல்களுக்கும் படம் வரைந்துகொண்டிருந்தேன். கணவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து, புளூ கார்டு என்ற வேலை அனுமதியில் லைப்சிக் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஜெர்மன் மொழியில் பி1 நிலை முடித்துவிட்டேன். இல்லஸ்ட்ரேட்டர், கிராஃபிக் டிசைனர் என்று கண்ணில் பட்ட விளம்பரங்களுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டேன். அறுபதைத் தாண்டிவிட்டது. பாதிக்குப் பதிலே இல்லை, மீதிக்கு வருந்துகிறோம் என்று இரண்டு வரி.

அமெரிக்காவில் இருக்கும் தோழி, டிபெண்டன்ட் விசாவில் இருந்துகொண்டு படம் விற்றால் சட்டவிரோதம், ஜாக்கிரதை என்கிறாள். இங்கே ஒரு கஃபேக்காரர் சுவரில் மாட்ட நான்கு படம் கேட்டபோது பயந்துபோய்ச் சும்மா கொடுத்துவிட்டு வந்தேன். என் படங்களைப் பார்த்த இன்னொருவர், ரொம்ப இந்தியத்தனமாக இருக்கின்றன என்றார். கணவருடைய நண்பர்கள் மூன்று மாதம் டெஸ்டிங் படித்தால் வேலை கிடைத்துவிடும் என்கிறார்கள். வரைவதை விட்டுவிடலாமா அக்கா? மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

ம., லைப்சிக்

அன்புள்ள ம.,

முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். உங்கள் தோழி சொன்னது அவர் இருக்கும் நாட்டுக்குச் சரி. அமெரிக்காவில் எச்-4 என்ற டிபெண்டன்ட் விசாவில் இருப்பவர்கள் தனியாக வேலை அனுமதி வாங்காமல் சம்பாதிக்க முடியாது. அந்த அனுமதியும் 2015-இலிருந்துதான், அதுவும் ஒரு பகுதியினருக்கு மட்டும் கிடைக்கிறது. ஜெர்மனியில் அப்படி இல்லை. உங்கள் குடியிருப்பு அட்டையை எடுத்துப் பாருங்கள். அதிலோ, அதோடு தந்த துணைத்தாளிலோ ‘எர்வெர்ப்ஸ்டேட்டிக்கைட் எர்லௌப்ட்’ என்று இருக்கும். பிழைப்புக்கான எந்தத் தொழிலும் செய்யலாம் என்று அர்த்தம். சம்பளத்துக்குப் போவதும் சொந்தமாகத் தொழில் செய்வதும் அதில் அடக்கம். தனியாளாகக் கலைஞர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள், வேலை தரப்போகிறவர்களின் கடிதங்கள், வருமானக் கணக்கு, காப்பீட்டுச் சான்று என்று ஒரு கட்டுக் காகிதத்தோடு அலைகிறார்கள். அவர்கள் அலைந்து வாங்கும் உரிமை உங்கள் கைப்பையில் ஒன்றரை வருடமாக இருக்கிறது.

அந்த கஃபேக்காரரிடம் நீங்கள் பணம் வாங்கியிருக்கலாம். வாங்கியிருக்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அறுபது விண்ணப்பங்களுக்கு வருவோம். நான் 2009-இல் பெர்லினுக்கு வந்தபோது இதே தவறைச் செய்தேன். ஏழெட்டு மாதம் தினமும் காலையில் வேலை விளம்பரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிராஃபிக் டிசைனர் என்று விளம்பரம் கொடுக்கும் நிறுவனத்துக்கு வேண்டியது இணையதளம், விளம்பரத் தாள், பக்க வடிவமைப்பு எல்லாம் செய்து, ஜெர்மனில் வாடிக்கையாளரோடு பேசவும் தெரிந்த ஆள். அங்கே குழந்தைப் புத்தக ஓவியரின் விண்ணப்பம் போனால் எடுத்துப் பார்க்கக்கூட மாட்டார்கள். சரி, பதிப்பகங்கள்? அவர்கள் எடிட்டர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஓவியரை அப்படி வைத்துக்கொள்வது அபூர்வம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் வெளியே ஒருவரிடம் படம் வாங்குகிறார்கள். ஜெர்மனியில் பிறந்து, அங்கேயே படித்த ஓவியர்களும் இப்படித்தான் பிழைக்கிறார்கள். அதனால் அந்த அறுபது மறுப்புகளையும் உங்கள் கைக்குக் கிடைத்த மதிப்பெண்ணாக நினைக்காதீர்கள். அந்தப் படங்களை யாரும் பார்க்கவே இல்லை. இனி ஒரு விண்ணப்பம்கூடப் போட வேண்டாம். படம் வாங்குகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அதற்கு நீங்கள் முதலில் விற்கத் தகுந்தவராகக் காகிதத்தில் இருக்க வேண்டும். கஷ்டமில்லை. ஓவியர், எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர் போன்றவர்களை ஜெர்மன் வரிச் சட்டம் ‘ஃப்ரைபெருஃப்லர்’ என்று தனியாக வைத்திருக்கிறது. கடைக்காரரைப் போல வணிகப் பதிவு தேவையில்லை. தொழிலைத் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் வரி அலுவலகத்துக்கு எல்ஸ்டர் என்ற வரித்துறை இணையதளம் வழியாக ஒரு படிவம் அனுப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. வரி எண் வந்ததும் பில் போடலாம். ஆண்டு வரவு 25,000 யூரோவைத் தாண்டாத வரை சிறுதொழில் என்று சொல்லி விற்பனை வரியிலிருந்து ஒதுங்கிக்கொள்ளலாம். முதல் வருடங்களில் நம்மில் யாரும் அதைத் தாண்டுவதில்லை.

இப்போது பில் ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். ஜெர்மனியில் கலைஞர்களுக்கென்றே ஒரு சமூகக் காப்பீடு 1983-இலிருந்து நடக்கிறது. எல்லோரும் ‘கா-எஸ்-கா’ என்பார்கள். சொந்தத் தொழில் செய்பவர் மருத்துவக் காப்பீட்டையும் ஓய்வூதியத்தையும் முழுக்கத் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய நாட்டில், இதில் சேர்ந்த கலைஞர் பாதி கட்டினால் போதும். மறுபாதியை அரசும், படைப்புகளை வாங்கிப் பயன்படுத்தும் பதிப்பகம், விளம்பர நிறுவனம் போன்றவர்களும் கட்டுகிறார்கள். உங்கள் குடியுரிமை எந்த நாடு என்பது தடையில்லை. வரைவதில் ஆண்டுக்கு 3,900 யூரோவுக்கு மேல் வருமானம் இருக்க வேண்டும், தொழிலுக்குப் புதியவர்களுக்கு முதல் மூன்று ஆண்டுகள் அந்த வரம்பும் இல்லை. ஆனால் இதைத் தொழிலாகச் செய்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். எதை வைத்து? பில், ஒப்பந்தம், வங்கியில் வந்த பணம். சும்மா கொடுத்த நான்கு படங்களுக்கு எந்தத் தடயமும் இல்லை. நாற்பது யூரோ வாங்கியிருந்தால் அந்தத் தாள் இன்று உங்கள் கோப்பில் இருந்திருக்கும். கூச்சப்பட்டுச் சும்மா கொடுப்பது நம் பெண்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் விஷயம். எனக்கு அது ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

பில்லில் என்ன எழுதுவது என்பதில் நான் ஒருமுறை அடிபட்டேன். வந்த இரண்டாம் வருடம் ஒரு கடைக்குப் போஸ்டருக்காக யானை ஒன்று வரைந்து கொடுத்தேன். ‘யானைப் படம், 150 யூரோ’ என்று ஒரே வரியில் பில். அடுத்த கோடையில் அந்த யானை துணிப்பையில் தொங்கிக்கொண்டு எனக்கு எதிரே டிராமில் உட்கார்ந்திருந்தது. அப்புறம் கோப்பையிலும் காலண்டரிலும் பார்த்தேன். சென்னையில் நாம் படத்தோடு சேர்த்து உரிமையையும் எழுதிக் கொடுத்துப் பழகியவர்கள். ஜெர்மன் சட்டத்தில் படைப்பாளியின் உரிமையை விற்கவே முடியாது. பயன்படுத்தும் அனுமதியைத்தான் விற்கிறோம். எதற்கு என்று எழுதாமல் விட்டால்கூட, எந்த நோக்கத்துக்காக வாங்கினார்களோ அதற்கு வேண்டிய அளவுதான் அவர்களுக்குச் சேரும். சட்டம் என் பக்கம் இருந்தது. ஆனால் போஸ்டர் என்று வாயால் பேசியதற்குச் சாட்சி இல்லை. விட்டுவிட்டேன். நீங்கள் விட வேண்டி வராது. எதற்கு, எத்தனை பிரதி, எந்த நாடுகளில், எத்தனை வருடம் என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். துணிப்பைக்கு வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை. விலை சொல்லத் தயக்கமாக இருந்தால் இல்லஸ்ட்ரேட்டர்களுக்கு இங்கே சங்கம் இருக்கிறது. சேர்ந்துவிடுங்கள். மற்றவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று அங்கே வெளிப்படையாகப் பேசுவார்கள்.

லைப்சிக்கில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். மார்ச்சில் புத்தகக் கண்காட்சி உங்கள் ஊருக்கே வருகிறது. பதிப்பகங்களின் ஸ்டாலில் திடீரென்று போய்ப் படங்களை விரிக்காதீர்கள், கூட்டத்தில் எரிச்சல்தான் படுவார்கள். ஜனவரியிலேயே குழந்தைகள் பிரிவின் எடிட்டருக்கு எழுதி பத்து நிமிடம் கேளுங்கள். பத்துப் பேருக்கு எழுதினால் ஓரிருவர் தருவார்கள், அது போதும். இன்னொன்று, நகரின் மேற்கே ‘ஷ்பின்னராய்’க்குப் போயிருக்கிறீர்களா? 1884-இல் தொடங்கிய பஞ்சாலை. ஒருகாலத்தில் ஐரோப்பாக் கண்டத்தின் மிகப் பெரிய பஞ்சாலைகளில் ஒன்று. ஜெர்மனி இணைந்த பிறகு நூற்பு நின்றுபோய், இப்போது அந்தச் செங்கல் கட்டடங்கள் முழுக்க ஓவியக்கூடங்களும் காலரிகளும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் காலரிகள் எல்லாம் ஒரே நாளில் கதவைத் திறந்துவைக்கும். மில் சங்கு கேட்டு வளர்ந்த ஊர்க்காரர் நீங்கள். அங்கே போனால் உங்களுக்கு வரைய என்ன தோன்றும் என்று நினைத்துப் பார்க்கிறேன். முதல் தடவை யாரிடமும் வேலை கேட்க வேண்டாம். ஸ்கெட்ச் புத்தகத்தோடு போய் உட்கார்ந்து வரையுங்கள். எனக்கு முதல் நல்ல வேலை கொடுத்தவர், ஒரு தெருத் திருவிழாவில் நான் குழந்தைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்தவர்தான்.

டெஸ்டிங் படிப்பது பற்றி. படிப்பதில் தவறில்லை. முதல் இரண்டு மூன்று வருடம் வரைவதை வைத்து மட்டும் வீட்டு வாடகை கட்ட முடியாது, உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வாரம் நாற்பது மணி நேர வேலைக்குப் போனால் மாலையில் கை ஓடாது. கா-எஸ்-கா வழியாக மருத்துவக் காப்பீடு கிடைக்கவும் கலைதான் முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும். ஒரு மினிஜாப், அதாவது சிறு பகுதிநேர வேலை, இருந்தால் பாதகமில்லை. மக்கள் கல்விக்கூடங்களில், அதாவது ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலேயில், ஓவிய வகுப்பு எடுத்தும் நான் சில வருடம் ஓட்டியிருக்கிறேன். பாட நேரத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். பி1 ஜெர்மன் அங்கே சீக்கிரம் வளரும்.

கடைசியாகப் படங்கள். மயிலும் கோலமும் போட்ட முதல் படம் அழகுதான், ஆனால் வாழ்த்து அட்டை. இந்தியத்தனம் என்று சொன்னவர் இதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். இரண்டாவது, மழை உண்டாகும் விதம், நல்ல பாடநூல் படம், யார் வேண்டுமானாலும் வரைந்திருக்கலாம். சென்னையில் எல்லாப் பாணியும் வரும் என்று காட்டினால் வேலை கிடைக்கும். இங்கே ஒரே கையைப் பார்க்க விரும்புகிறார்கள். அந்தக் கை மூன்றாவது படத்தில் இருக்கிறது. கம்பளிக் குல்லா போட்ட பாட்டி, ஏப்ரல் மாத இளவெயிலை நம்பி லைப்சிக் பால்கனியில் வடகம் பிழிந்துகொண்டிருக்கிறார். எதிர் ஜன்னலில் ஒரு பூனை. அதை ஒரு ஜெர்மானியரோ, கோயம்புத்தூரிலேயே இருக்கும் ஓவியரோ வரைந்திருக்க முடியாது. இதை மாற்றச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

படப் புத்தகம் இங்கே பெரும்பாலும் 32 பக்கம். அவ்வளவும் இப்போதே வேண்டாம். எடிட்டர் பார்ப்பது, அதே பாட்டி பக்கவாட்டில் திரும்பினாலும், குனிந்தாலும், கோபப்பட்டாலும் அதே பாட்டியாக இருக்கிறாரா என்பதைத்தான். இன்னும் ஐந்து படங்கள் வரையுங்கள். வானம் இருட்டிக்கொண்டு வருவதை அந்தப் பூனை பார்த்துவிட்டது, பாட்டி இன்னும் பார்க்கவில்லை. வடகம் நனைவதற்குள் அவர் எழுந்துவிடுகிறாரா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. வரைந்ததும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா