முகத்தை மூடிக்கொண்டு நின்ற பிள்ளை

அன்பின் அக்கா,

பாலியல் தொழிலைக் குற்றமாகப் பார்க்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் டவுனில் மசாஜ் நிலையப் பலகைகள் கூடிவிட்டன. வெளிநாட்டில் பெண்களுக்குப் பதிலாகப் பாலியல் பொம்மைகளை வைத்தே விபசார விடுதி நடத்துகிறார்களாம். இதையெல்லாம் அனுமதித்தால், வேலை தேடித் தோட்டத்து லயன் வீடுகளை விட்டுப் போகும் நம் பிள்ளைகளின் கதி என்ன?

ஓர் ஆசிரியர், ஹட்டன்

அன்பின் தம்பி,

பொம்மை விடுதி 2017இல் பார்சிலோனாவில் திறந்தது. அடுத்த வருஷம் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஒன்று வரப்போகிறது என்றதும் மாநகரசபை விதியைத் திருத்தித் தடுத்துவிட்டது. அங்கே அடைபட்டுக் கிடக்க ஒரு பெண் இல்லை. எனக்குக் கவலை உங்கள் டவுன் பலகைக்குப் பின்னால் இருக்கிற பிள்ளையைப் பற்றித்தான்.

நம் இலங்கையில் ஒரு பெண் தன் உடலுக்குக் காசு வாங்குவது மட்டுமே குற்றம் என்று எந்தச் சட்டமும் நேராகச் சொல்லவில்லை. விபசார விடுதி நடத்துவது 1889ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தெருவில் நின்று அழைப்பது 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டப்படி குற்றம். அதே வருஷத்து 5ஆம் இலக்கம் என்ன தெரியுமா? கூலி ஒப்பந்தச் சட்டம். மலையில் கோப்பி பரவிய காலம் அது. வேலையை விட்டு ஓடினால் சிறை; வேலையில்லாமல் றோட்டில் திரிந்தாலும் சிறை. நம் பாட்டன் பூட்டனை இரண்டு பக்கமும் மறித்த வேலி. ஒப்பந்தத்தை மீறினால் சிறை என்பது 1920களிலேயே ஒழிந்தது. அலைந்து திரிவோர் சட்டம் என்ற மற்ற வேலியில் இன்றைக்கும் நம் பெண்கள் மாட்டுகிறார்கள்.

"மசாஜ் நிலையம் என்ற போர்வையில் விபசார விடுதி முற்றுகை" என்ற செய்தியை நீங்களும் வாசித்திருப்பீர்கள். ஒருமுறை நீதிமன்ற வாசலில் அப்படிப் பிடிபட்ட ஒரு பிள்ளையைப் பார்த்தேன். துப்பட்டாவால் முகத்தைச் சுற்றியிருந்தாள். தோட்டத்துப் பேச்சு. வீட்டுக்கு மட்டும் சொல்ல வேண்டாம் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள். கட்டட உரிமையாளர் அந்தப் பக்கமே வரவில்லை. 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு 2021 வரை போராடிய தோட்டத் தொழிலாளர் சமூகத்தின் பிள்ளை அவள். அவளிடம் ஒழுக்கம் பேச எனக்கு வாய் வரவில்லை.

அதற்காக முதலாளிமாருக்கு லைசன்ஸ் கொடுத்துவிட்டு ஒதுங்கச் சொல்லவில்லை. நான் கேட்பது நியூசிலாந்து 2003இல் கொண்டுவந்தது போன்ற ஒரு சட்டம். அங்கே நான்கு பெண்கள் வரை, மேலே ஒரு முதலாளி இல்லாமல், தாங்களே சேர்ந்து தொழில் செய்யலாம். எந்த நேரத்திலும் முடியாது என்று சொல்லும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. அந்தச் சட்டத்திலும் குறை உண்டு: தற்காலிக விசாவில் வந்த பெண்களுக்கு அது இடம் தரவில்லை. அவர்கள் இன்னும் பயந்து பயந்துதான் இருக்க வேண்டும்.

பதினெட்டு வயதாகாத பிள்ளை, ஏமாற்றிக் கொண்டுபோன பிள்ளை, கடனைக் காட்டி அடைத்துவைத்த பிள்ளை என்றால் பேச்சே வேறு. அது ஆட்கடத்தல். தண்டனைச் சட்டக்கோவையில் அதற்கு இடமிருக்கிறது. ஆனால் முறைப்பாடு கொடுக்கப் போனால் தன்னையே உள்ளே போடுவார்கள் என்று பயப்படுகிறவள் எப்படி பொலிஸ் படியேறுவாள்?

சாதாரண தரம் முடித்த பிள்ளைகள் கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் வேலைக்குப் புறப்படும் முன் உங்களிடம் சொல்லிக்கொள்ள வருவார்கள்தானே. அடையாள அட்டையை எந்த முதலாளியிடமும் ஒப்படைக்க வேண்டாம், முற்பணம் வாங்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். என்ன நடந்திருந்தாலும் உங்களுக்குக் கோல் எடுக்கலாம், ஏன் போனாய் என்று கேட்கமாட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா