இரண்டாம் உலகப் போருக்குப் போன தாத்தா எந்தப் படைப்பிரிவில், எங்கே இருந்தார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தாத்தா பர்மா சண்டைக்குப் போனார் என்று வீட்டில் சொல்கிறார்கள், கையில் ஒரு மெடல் மட்டும் இருக்கிறது, காகிதம் எதுவும் இல்லை, பென்ஷனும் வந்ததில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சில வருஷங்களுக்கு முன் நானும் இதே இடத்தில்தான் நின்றேன். எங்கள் ஊர் ஆரணிப் பக்கம். தாத்தா ரங்கூனில் ஜப்பான்காரனைச் சுட்டார் என்று கேட்டு வளர்ந்த குடும்பம்.

முதலில் அந்த மெடலின் விளிம்பைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு இரண்டாம் போரின் மெடல்களைப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் நம்பர், ரேங்க், பெயர், படைப்பிரிவு எல்லாம் அடித்துக் கொடுத்தார்கள். வட்ட மெடல் என்றால் விளிம்பில் இருக்கும், நட்சத்திரம் என்றால் பின்பக்கம் பாருங்கள்.

எங்கள் வீட்டில் அது அத்தையின் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் கிடந்தது, ஓட்டைக் காலணாக்களோடும் சட்டைப் பித்தான்களோடும். ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராஜா தலை இருந்ததால் பெரிய காசு என்றே அத்தை நினைத்திருந்தார். மறுபக்கம் ஒரு சிங்கம் டிராகன் மேல் ஏறி நிற்கும், மேலே 1939, 1945 என்று இருக்கும். அதுதான் வார் மெடல். அத்தை உடனே புளி போட்டுத் தேய்க்கக் கிளம்பினார், தடுத்துவிட்டேன். தேய்த்தால் எழுத்துதான் முதலில் போகும். அதற்குப் பதிலாக விளிம்பில் கொஞ்சம் விபூதியைத் தடவி, விரலால் மேலாகத் துடைத்தோம். பள்ளத்தில் மட்டும் விபூதி நின்றது. கறுத்த உலோகத்தில் வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் வந்தன: ஒரு நீள நம்பர், டி.வி.ஆர்., தாத்தா பெயர், ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. டி.வி.ஆர். என்றால் டிரைவர். ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்பது ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், அதாவது சாப்பாடு, பெட்ரோல், குண்டு எல்லாவற்றையும் முன்வரிசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பிரிவு. ஜப்பான்காரனைச் சுட்ட தாத்தா லாரி ஓட்டியிருக்கிறார். அத்தை கேட்ட ஒரே கேள்வி: "அப்போ எனக்கு ஏன் சைக்கிள்கூடக் கத்துக்கொடுக்கல?"

அதே பாட்டிலில் ஆறு முனை உள்ள ஒரு வெண்கல நிற நட்சத்திரமும் இருந்தது, பர்மா ஸ்டார். இதை வைத்து அவர் பர்மாவுக்குள் போனார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குறிப்பிட்ட காலங்களில் வங்காளத்திலும் அசாமிலும் பணியில் இருந்தவர்களுக்கும் இதே நட்சத்திரம்தான். ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் என்று வேறு ஏதாவது இருந்தால் அவர் போன திசையே வேறு. வார் மெடல் மட்டும் இருந்தால் அதைக்கொண்டு இடத்தைச் சொல்ல முடியாது. 28 நாள் பணியில் இருந்தாலே அது கிடைத்தது.

படைப்பிரிவு தெரிந்துவிட்டால் எந்த ரிக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுவது என்பதும் தெரிந்துவிடும். நம் ஊர்க்காரர்கள் அதிகம் போன மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை, அதாவது இன்றைய எம்.இ.ஜி., பெங்களூரில் இருக்கிறது. பட்டாளத்தில் அவர்களுக்கு இன்றும் 'தம்பி' என்றுதான் பெயர். சாலை, முகாம் வேலைகளைச் செய்த பயனியர் கோர், ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.யின் இன்றைய வடிவமான ஏ.எஸ்.சி. இரண்டுக்கும் பெங்களூர்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரியில் வெலிங்டன், ஆயுதம், தளவாடக் கிடங்குகளைப் பார்க்கும் ஆர்ட்னன்ஸ் கோருக்கு செகந்திராபாத்.

இங்கேதான் நான் ஒரு வருஷத்தை வீணாக்கினேன். "சர்வீஸ் ரிக்கார்டு வேண்டும்" என்று எழுதினேன். இல்லை, அழிக்கப்பட்டுவிட்டது என்று இரண்டு வரிப் பதில் வந்தது. அவர்கள் சொன்னது பொய்யில்லை. பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு வந்தவர்களின் ஷீட் ரோலை, அதாவது முழு சர்வீஸ் ரிக்கார்டை, 25 வருஷம் வைத்திருந்து அழித்துவிடுவது விதி. போரின்போது இந்தியப் படை 25 லட்சம் பேர் வரை பெருத்தது. முடிந்ததும் பெரும்பாலானவர்களைக் கணக்குத் தீர்த்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருஷம் சர்வீஸ் வேண்டும், அதனால்தான் உங்கள் தாத்தாவுக்கும் வரவில்லை. ஆனால் 'லாங் ரோல்' என்று ஒரு பதிவேடு உண்டு, அதை அழிக்கக் கூடாது. ஆள் ஒன்றுக்கு ஒரு வரி மாதிரிதான்: நம்பர், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம். "லாங் ரோல் எக்ஸ்ட்ராக்ட்" என்று அந்த வார்த்தையைப் போட்டே கேளுங்கள். வாரிசு என்ற முறையில், உறவைக் காட்டும் சான்றுகளின் நகலோடு கடிதம் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் ஆர்.டி.ஐ. போடலாம்.

பெயரை எழுதும்போது மெடலில் உள்ள இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலை அப்படியே எழுதுங்கள். ஆள் எடுத்த கிளார்க் காதில் விழுந்ததைத்தான் எழுதினார். ஒரு முனுசாமிக்கு ஒரு 'யு'வா, இரண்டு 'ஓ'வா என்பது அன்றைக்கு அந்த கிளார்க்கின் இஷ்டம். எங்கள் தாத்தா பெயரின் கடைசி எழுத்தே காணவில்லை. மாவட்டமும் அப்படித்தான். திருவண்ணாமலை மாவட்டம் என்று எழுதினால் அந்தப் பதிவேட்டில் ஏது? அப்போது வட ஆர்க்காடு. தர்மபுரி என்றால் சேலம், தூத்துக்குடி என்றால் திருநெல்வேலி. வயதை நம்பவே நம்பாதீர்கள். தாத்தா பேப்பரில் எங்கள் கணக்கைவிட மூன்று வயது பெரியவர்.

எங்களுக்கு வந்தது ஒரே பக்கம். 1942-ல் சேர்ந்தார், 1946-ல் படைக் குறைப்பில் அனுப்பப்பட்டார். எங்கே இருந்தார் என்பது அதில் இல்லை.

அது வீட்டிலிருந்துதான் கிடைத்தது. "மணிப்பூர் ரோட்டுல இருந்தேன், மணிப்பூர் ரோட்டுல இருந்தேன்னு சொல்லுவாரு" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருப்பார். ஏதோ சாலையோரத்தில் முகாம் போட்டிருந்தார்கள் என்று நாங்கள் விட்டுவிட்டோம். மணிப்பூர் ரோடு என்பது ரயில்வே ஸ்டேஷன்! இன்றைய திமாப்பூர். ரயிலில் வந்த சரக்கை அங்கே இறக்கி, கோஹிமா வழியாக இம்பாலுக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் லாரியில்தான் கொண்டுபோக வேண்டும். 1944 மார்ச் கடைசியில் ஜப்பானியர் அந்தப் பாதையைத் துண்டித்தார்கள். ஜூன் 22-ல்தான் மறுபடி திறந்தது. அதனால் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே போனில் பதிவு செய்யுங்கள், ஊர்ப்பெயர் தப்பாக வந்தாலும் திருத்தாதீர்கள்.

அப்புறம் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுச் சுவரில் ஒரு குரூப் போட்டோ கிடைத்தது. முன்வரிசைக்காரர்கள் காலடியில் ஒரு சிலேட், அதில் கம்பெனி நம்பர். அந்த நம்பர் இருந்தால் 'வார் டைரி' தேடலாம். ஒவ்வொரு யூனிட்டும் தினமும் எழுதிய குறிப்பு அது. பர்மா முனையின் டைரிகள் லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் இருக்கின்றன. அங்கே இருக்கும் நண்பர் ஒருவர் சில பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினார். சிப்பாய் பெயரெல்லாம் அதில் வராது. மழை, மண்சரிவு, எத்தனை வண்டி ஓடியது, எத்தனை வண்டி படுத்தது, அவ்வளவுதான். அதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது ஜமுனாமரத்தூர் பஸ். போளூரிலிருந்து மலை ஏறும்போது தாத்தா ஜன்னல் சீட்டில் உட்காரவே மாட்டார். டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, ஒவ்வொரு வளைவிலும் அவர் கியர் போடும் கையையே பார்த்துக்கொண்டு வருவார்.

உங்கள் தாத்தா திரும்பி வந்தவர் என்பதால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயர் இருக்காது. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் மட்டும்தான் அதில். கூடப் போய் வராமல் போன அண்ணன் தம்பி யாராவது இருந்தால் தேடுங்கள். பல பதிவுகளில் அப்பா பெயர், மனைவி பெயர், ஊர்கூட இருக்கும். பர்மாவில் உடல் கிடைக்காமல் போனவர்கள் பெயர் ரங்கூனுக்கு வடக்கே தவுக்கியானில் உள்ள நினைவுச் சின்னத்தில் இருக்கிறது, ஏறத்தாழ 27,000 பேர். இணையத்தில் பஞ்சாப் பதிவேடுகள் என்று ஒன்றை யாராவது அனுப்புவார்கள். அது முதல் உலகப் போர், அதுவும் பஞ்சாப்காரர்கள். நமக்கு உதவாது.

ஒருவேளை "சிங்கப்பூர்" என்ற வார்த்தை வீட்டுப் பேச்சில் வந்தால் கதையே வேறு. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களில் பலர் ஐ.என்.ஏ.வில், அதாவது இந்திய தேசிய ராணுவத்தில், சேர்ந்தார்கள். மலாயாவில் தோட்டத்தில் இருந்த தமிழர்களும் சேர்ந்தார்கள். அப்படியென்றால் ரிக்கார்ட் ஆபீஸைவிடத் தியாகி பென்ஷன் ஃபைலைத் தேடுவது நல்லது. மத்திய அரசின் திட்டம் 1972-லிருந்து இருக்கிறது, விண்ணப்பத்திலேயே அவர் தன் கதையை எழுதியிருப்பார். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் ஐ.என்.ஏ. கோப்புகள் உண்டு.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பென்ஷன் இல்லாத இரண்டாம் போர்க்காரர்களுக்கும் அவர்கள் மனைவிகளுக்கும் தமிழ்நாடு அரசு மாத உதவி தருகிறது. உங்கள் பாட்டி எப்போதாவது அதற்கு மனு போட்டிருந்தால் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டின் நகல் அந்த ஃபைலில் இருக்க வாய்ப்புண்டு. எங்கள் பாட்டி போடவில்லை, யாரும் சொல்லித்தரவில்லை.

சரி, முதலில் விபூதியைத் தடவி விளிம்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எழுத்து புரியாவிட்டால் அப்படியே எழுதி அனுப்புங்கள், எந்தப் பிரிவு என்று சேர்ந்து பார்ப்போம்.